முழுநிலா முத்திரை

நீலகிரியின் கடைசி அரசர் 1904-ஆம் ஆண்டு தம் முன்னோரின் அரியணையில் வீற்றிருந்து, ஏழு கடலுக்கு அப்பால் இருந்த மக்களுக்கும் தரிசனம் தந்தார். அந்தப் பார்வையில் ஆயிரம் ஆண்டு அரசாட்சியின் கம்பீரம் இருந்தது. அந்த மௌனத்தில் ஒரு குலத்தின் அந்திப்பொழுது இருந்தது.

இப்படி ஒரு அட்டையின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. எழுதியவர் அமெரிக்காக்காரர். அவர் நீலகிரிக்கு வந்ததாகத் தெரியவில்லை. அரசரின் பெயர் அட்டையில் இல்லை. எந்த நாட்டை ஆண்டார் என்பதும் இல்லை. இந்த இரண்டு குறைகளையும் நூற்றிருபது வருடம் கழித்து ராஜரத்தினம் நிவர்த்தி செய்தார்.

ராஜரத்தினம் வெதர்லி எஸ்டேட்டில் முப்பத்தாறு வருடம் ஆபீஸ் கிளார்க்காக இருந்து, போன மார்ச் மாதம் ஒரு மாலையும் ஒரு சுவர்க்கடிகாரமும் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றவர். மஞ்சூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏழு கொண்டை ஊசி வளைவு தள்ளி இருக்கிறது அந்த எஸ்டேட். அப்பா அங்கே பியூனாக இருந்தார். அப்பாவின் அப்பா, அப்பாரு, ஃபேக்டரி பாய்லரில் இருந்தார். பூட்டன் சங்கிலி அதற்கும் முன்னால் காரமடைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். எஸ்டேட் வழக்கப்படி வேலை இருக்கும்வரை குவார்ட்டர்ஸ் உண்டு. வேலை முடிந்தால் குவார்ட்டர்ஸும் முடிந்தது. ராஜரத்தினம் பிறந்தது, கல்யாணம் முடித்தது, பிள்ளைகளை வளர்த்து வெளியூருக்கு அனுப்பியது எல்லாம் அதே இரண்டு அறை ஓட்டு வீட்டில்தான். அதை எஸ்டேட் ஒரு காரணமாக எடுத்துக்கொள்வதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் டைப் அடித்தவரே அவர்தான். அவருக்கு வந்த நோட்டீஸிலும் அவர் எழுதிவைத்த வாசகம்தான் இருந்தது. நல்ல வாசகம். பதில் சொல்ல எங்கும் இடம் விடவில்லை.

காலி செய்தால் போவதற்கு ஒரே இடம்தான் இருந்தது. காரமடையில் மனைவி தெய்வம்மாவின் தம்பி பொன்ராஜ் வீட்டு மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. "மாமா எப்ப வேணா வரட்டுமுங்க, அந்த ரூம்புல சும்மா வெங்காய மூட்டைதான் கெடக்குது" என்று பொன்ராஜ் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். மச்சினனின் இந்தப் பெருந்தன்மையை நினைத்தால் ராஜரத்தினத்துக்கு மலைக்குளிரிலும் வியர்த்தது.

எஸ்டேட்டின் மேல்பாதி அந்த வருடம்தான் ரிசார்ட் ஆகியிருந்தது. பழைய துரை பங்களாவுக்கு வெள்ளை அடித்து, குதிரை லாயத்தில் ரெஸ்டாரென்ட் வைத்து, கோயமுத்தூரிலிருந்து அருண்பிரசாத் என்பவரை மேனேஜராகப் போட்டிருந்தார்கள். வயது முப்பது. அவருக்கு மூன்று நிமிடத்துக்கு ஒரு போன் வரும். ரிசார்ட்டுக்கு வருகிறவர்களுக்குப் பாரம்பரியம் வேண்டும் என்று முதலாளி சொன்னதால், அவர் வலைத்தளங்களில் பாரம்பரியம் தேடி வாங்கிக்கொண்டிருந்தார். பழைய தராசு, பழைய ரயில் விளக்கு, பழைய புலித்தலை. அந்த வரிசையில் வந்ததுதான் அந்த அட்டை.

ஜூலை மாதம் ஒரு காலை, காலி செய்ய இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்கலாம் என்று ராஜரத்தினம் அவர் அறைக்குப் போனார். மேசையை மூடிக்கொண்டு ஆள் உயரப் படம் ஒன்று விரிந்திருந்தது. அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி அச்சடித்த படம். தலைப்பாகையும் கழுத்தில் மணிமாலையும் போட்ட ஒருவர், இரண்டு கையையும் நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

ராஜரத்தினம் ஆளைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இது எங்கூட்டு நாற்காலிங்க."

"எந்த நாற்காலிங்க?"

"இந்தா, இந்தச் சிங்கத்துக்கு மூக்கு இல்ல பாருங்க. எங்கூட்டுச் சிங்கத்துக்கும் இல்லீங்க."

அருண்பிரசாத் அன்றைக்கே வந்து பார்த்தார். கனமான கறுப்பு மரம். கைப்பிடி நுனியில் இரண்டு சிங்கத்தலை, இடதுபக்கச் சிங்கத்துக்கு மூக்கு இல்லை. கால்கள் இல்லாமல் கீழ்ப்பகுதி பெட்டி மாதிரி மூடியிருந்தது. பெட்டியின் முன்பக்கம் ஒரு சின்னக் கதவு, கீல் துருப்பிடித்துத் திறப்பதில்லை. உட்காரும் பலகையின் நடுவில் முன்பு வட்டமாக ஓர் ஓட்டை இருந்தது. பிரம்புப் பின்னல் அறுந்து போயிருக்கும் என்று அப்பாரு அதன் மேல் வேறு பலகை அடித்துவிட்டார். மேலே சிவப்பு வெல்வெட் துணி. பக்கத்தில் ஒரு விளக்கு.

"துரை ஒருத்தரு எங்க பூட்டனுக்குக் குடுத்துட்டுப் போனதுங்க" என்றார் ராஜரத்தினம். "பூட்டன் இல்லாம துரைக்கு ஒரு நாப்பொழுது விடியாதுன்னு சொல்லுவாங்க. இதுல எங்க குடும்பத்துல யாரும் உக்காரக் கூடாதுன்னு பூட்டன் சத்தியம் வாங்கியிருக்காருங்க. நாலு தலைமொறையா யாரும் உக்காந்ததில்ல."

அது உண்மை. சங்கிலி இன்னொரு கட்டளையும் இட்டிருந்தார். நாற்காலியைத் தொட்டால் கை கழுவ வேண்டும். தொட்டபின் கழுவுவதா, தொடுவதற்கு முன் கழுவுவதா என்பதில் மூன்றாம் தலைமுறையில் குழப்பம் வந்து, சாமிப் பொருள் என்பதால் முன்னால் என்று முடிவாகியிருந்தது. ஆயுத பூஜை அன்று அதற்குச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். நாற்காலியோடு துரை கொடுத்த பீங்கான் பாத்திரம் ஒன்றும் இருந்தது. வெள்ளை வெளேரென்று, வயிறு உருண்டு, ஒருபக்கம் கைப்பிடி, வயிற்றில் மூன்று நீலப்பூ. வருடத்துக்கு ஒருமுறை அதைப் பரணிலிருந்து இறக்கி, புளி போட்டுத் துலக்கி, அதில் சுண்டல் வைத்துப் படைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடுவார்கள். ராஜரத்தினத்துக்கு முதன்முதலில் பருப்புச்சோறு ஊட்டியதும் அந்தப் பாத்திரத்திலிருந்துதான்.

அருண்பிரசாத் படத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"அப்ப படத்துல இருக்கறது உங்க பூட்டனுங்களா?"

"வேற யாரு இதுல உக்கார முடியுமுங்க?"

"ராஜாங்களா அவரு?"

ராஜரத்தினம் அதுவரை அப்படி யோசித்ததில்லை. பூட்டன் செய்த வேலையைப் பற்றி வீட்டில் இருந்த ஒரே தகவல், படம்பிடிக்கும் துரை ஒருவரின் சாமான்களைத் தலையில் சுமந்து மலைமலையாகப் போனார் என்பது. அவர் பதில் சொல்வதற்கு முன் காரமடை ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒருமுறை கண்ணுக்கு முன்னால் வந்து போனது. வெங்காய மூட்டையும் வந்து போனது.

"வெளிய சொல்லிக்கறதில்லீங்க" என்றார்.

அந்த நிமிடத்திலிருந்து ராஜவம்சம் தானாக வளர ஆரம்பித்தது. பொய் சொல்லவேண்டிய வேலையே ராஜரத்தினத்துக்கு அதிகம் வரவில்லை. அருண்பிரசாத் கேள்வி கேட்கும்போதே பதிலையும் உள்ளே வைத்துக் கேட்டார். கோட்டை இருந்திருக்கும்ங்களே, இடிஞ்சு போயிருக்கும் இல்லீங்களா? ஆமாங்க. வெள்ளைக்காரன் எடுத்துக்கிட்டிருப்பான் இல்லீங்களா? ஆமாங்க. பேரு சங்கிலி ராஜாங்களா, சங்கிலித் தேவராயருங்களா? ராஜரத்தினம் அடக்கமாக முதலாவதை எடுத்துக்கொண்டார். பக்கத்துப் படகர் கிராமமான ஹட்டியிலிருந்து பால் ஊற்ற வருபவர் மட்டும் இதைக் கேட்டுவிட்டு, இந்த மலையில் ராஜா இருந்ததாகத் தங்கள் பெரியவர்கள் யாரும் சொன்னதில்லையே என்றார். அவரிடம் அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே பால் வாங்கினார்கள்.

"இது என்னங்க, வட்டமா?" என்று அருண்பிரசாத் ஒரு நாள் பெரிய படத்தைத் தொட்டுக் கேட்டார்.

படத்தில், சங்கிலியின் இரண்டு கால்களுக்கும் நடுவில், நாற்காலியின் கீழ்ப்பெட்டியில் வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்தது. உள்ளே லேசாகக் கறை மாதிரி ஏதோ. ராஜரத்தினம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"முத்திரைங்க. முழுநிலா."

"உள்ள கறையெல்லாம் தெரியுதே."

"நெலாவுல கறை இருக்குமில்லீங்களா?"

ஒரே வாரத்தில் முழுநிலா ரிசார்ட்டின் சின்னமானது. சாப்பாட்டுத் தட்டில் நிலா, தலையணை உறையில் நிலா, வெயிட்டர்களின் சட்டைப் பையில் நிலா, சூப் கிண்ணத்தின் அடியில் நிலா. சூப்பைக் குடித்து முடித்தால் அரச முத்திரை தெரியும். அது அருண்பிரசாத்தின் யோசனை.

அட்டையோடு அதைப் பார்க்கிற கருவி ஒன்றும் வந்திருந்தது. முகமூடி மாதிரி மரச்சட்டம், அதில் கண்ணுக்கொன்றாக இரண்டு கண்ணாடி, முன்னால் அட்டையைச் செருக ஒரு கம்பி. அட்டையில் ஒரே படம் இரண்டு தடவை பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தது. ஒன்று வலக்கண் பார்ப்பது, மற்றது இடக்கண் பார்ப்பது. இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்த்தால் படம் தட்டையாக இல்லாமல் மேடு பள்ளத்தோடு எழுந்து நிற்கும். முன்னால் இருப்பது முன்னால் தெரியும், உள்ளே இருப்பது உள்ளே தெரியும். அருண்பிரசாத் அரை விநாடி பார்த்துவிட்டு, "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். பிறகு ராஜரத்தினத்திடம் நீட்டினார்.

ராஜரத்தினத்துக்கு இடக்கண்ணில் இரண்டு வருடமாகப் புரை. அந்தப் பக்கம் மஞ்சூர் மூடுபனிதான். ஆபரேஷன் என்றால் பயம் என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கருவியில் கண்ணை வைத்தார். வலக்கண்ணில் தட்டையாக ஒரு பூட்டன், இடக்கண்ணில் பனி.

"எப்படிங்க இருக்குது?"

"அப்படியே எந்திரிச்சு வர்றாருங்க" என்றார் ராஜரத்தினம். "எனக்குப் பேச்சு வரலீங்க."

கண்காட்சியைத் திறக்க ஆயுத பூஜை நாளைக் குறித்தார்கள். சிம்மாசனம் நாலு பேர் தூக்கிப் பங்களா ஹாலுக்குப் போயிற்று. ராஜரத்தினம் அதில் உட்கார வேண்டும் என்று அருண்பிரசாத் சொன்னபோது, தெய்வம்மாதான் தடுத்தாள்.

"ஏனுங்க, உக்காரக் கூடாதுன்னு பூட்டன் சொன்னதுங்க."

"மத்தவங்க உக்காரக் கூடாதுன்னு சொன்னாரு. வாரிசு உக்காரலாம்."

"நாலு தலைமொறையா வாரிசுதான சும்மா நின்னுக்கிட்டிருந்தீங்க?"

"காரமடைக்குப் போயி உன் தம்பி ஊட்டு மாடில உக்காந்துக்கட்டுமா?"

தெய்வம்மா உள்ளே போய் மூன்று படி கொண்டைக்கடலை ஊறப்போட்டாள்.

விழாவுக்கு முப்பது பேர் வந்தார்கள். தலைமை விருந்தினர் நவநீதன். குன்னூரில் நான்கு எஸ்டேட்களுக்கு ஒரு காலத்தில் முதலாளியாக இருந்து, இப்போது பாரம்பரியக் குழு ஒன்றுக்குத் தலைவராக இருப்பவர். சிறப்புரைக்குக் கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர் சசிரேகா. 'மேலைநாட்டார் பார்வையில் கீழைநாடுகள்' என்று பதினெட்டுப் பக்கம் எழுதி வந்திருந்தார். ராஜரத்தினம் பட்டு வேட்டியும் தலைப்பாகையும் மணிமாலையுமாகச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ஆள் உயரப் படம். மறுபக்கம் மேசையில், முழுநிலா போட்ட விரிப்பின் மேல், பீங்கான் பாத்திரம் நிறையச் சுண்டல். அதற்கடுத்த மேசையில் அந்தக் கருவி.

நவநீதன் முதலில் சுண்டலை வாங்கிக்கொண்டார். இடக்கையில் தட்டோடு போய்க் குனிந்து கருவியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து சுண்டல் மேசையைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் போய், தட்டைத் திண்டின் மேல் வைத்துவிட்டு, வெளியே தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படிங்க சார்?" என்றார் அருண்பிரசாத்.

"ரொம்ப... நுணுக்கமா இருக்கு."

"சுண்டல் எடுத்துக்கலீங்களா?"

"டாக்டர் கடலை வேண்டாம்னுட்டாரு."

அடுத்து சசிரேகா பார்த்தார். அவர் வாயில் ஒரு வாய் சுண்டல் ஏற்கெனவே இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போது மென்றுகொண்டிருந்த தாடை நின்றது. கைக்குட்டையை எடுத்து, வாயைத் துடைப்பவர்போல், வாயில் இருந்ததை அதில் மடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள், ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். ஒருவருக்கு அன்றைக்கு விரதம் ஞாபகம் வந்தது. ஒருவர் வரும் வழியில் மஞ்சூரில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டாராம். ஒரு அம்மாள் வாங்கிய சுண்டலை அப்படியே மடித்துப் பிரசாதமாக வீட்டுக்கு எடுத்துப்போவதாகச் சொல்லிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஹாலில் ஒரு சத்தம் இல்லை. சிம்மாசனத்தில் இருந்த ராஜரத்தினம் அந்த மௌனத்தைக் கவனித்தார். ராஜவம்சத்தின் முன்னால் ஜனங்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. முதுகை இன்னும் நிமிர்த்தி உட்கார்ந்தார்.

அருண்பிரசாத் மட்டும் போன் பேசிக்கொண்டே இரண்டு முறை சுண்டல் வாங்கிச் சாப்பிட்டார். அவருக்குத்தான் கருவியில் சரியாகப் பார்க்க நேரமே கிடைக்கவில்லையே.

சசிரேகாவின் பதினெட்டுப் பக்க உரை நாலு நிமிடத்தில் முடிந்தது. "அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சோபாவில் சாய்ந்துகொண்டு இந்தக் கருவி வழியாக உலகத்தைப் பார்த்தார்கள். எகிப்து என்றால் ஒட்டகம், ஜப்பான் என்றால் குடை, இந்தியா என்றால் ராஜா. அகப்பட்டவரை அகப்பட்டதன் மேல் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள்" என்றவர், சிம்மாசனத்தைப் பார்த்து நிறுத்தினார். தெய்வம்மா ஓரமாக நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்ததையும் பார்த்தார். "மற்றபடி இந்தக் குடும்பம் இதைப் பாதுகாத்து வைத்திருப்பது பாராட்டுக்குரியது. நன்றி."

போகும்போது அவர் ராஜரத்தினத்தின் அருகில் வந்தார்.

"சார், உங்க இடது கண்ணுல புரைங்களா?"

"ஆமாங்கம்மா. அடுத்த மாசம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கறனுங்க."

சசிரேகா கருவி இருந்த மேசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ஒண்ணும் அவசரம் இல்லீங்க சார்" என்றார்.

மறுவாரம் கடிதம் வந்தது. ராஜவம்ச வாரிசு என்ற முறையில் ராஜரத்தினமும் மனைவியும் ஆயுள் முழுக்க அதே குவார்ட்டர்ஸில் இருந்துகொள்ளலாம். பதிலுக்குத் தினமும் காலை பதினொரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் அரை மணி நேரம் சிம்மாசனத்தில் அமர்ந்து விருந்தினர்களுக்குக் காட்சி தர வேண்டும். இந்த ஏற்பாடு சிம்மாசனமும் முத்திரையும் கண்காட்சியில் இருக்கும்வரை செல்லும். ராஜரத்தினம் கடிதத்தை இரண்டு முறை படித்தார். வாசகத்தில் ஓட்டை இல்லை. அதன் நகலைப் பொன்ராஜுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பொன்ராஜ் ஒரு கட்டைவிரலை அனுப்பினான். அந்தக் கட்டைவிரல் ராஜரத்தினத்துக்கு முப்பது வருடக் குறையைத் தீர்த்தது.

மனம் நிறைந்த மனிதனுக்குப் பயம் போய்விடும். நவம்பரில் அவர் கோயமுத்தூர் போய்க் கண் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார். பத்து நாள் பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்து, கழற்றியதும் தேயிலை ஒவ்வொரு இலையாகத் தெரிந்தது. தெய்வம்மாவின் நெற்றியில் இருந்த தழும்பு தெரிந்தது. பதினொரு மணி தரிசனத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஹாலுக்குப் போனவர், ஆசைக்கு ஒரு தடவை கருவியில் கண்ணை வைத்தார்.

முதலில் இரண்டு படமும் ஒட்டாமல் நழுவின. பிறகு சட்டென்று ஒன்றானது. பூட்டன் எழுந்து வந்தார். உண்மையாகவே வந்தார். மூக்கில்லாத சிங்கம் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது. அதன் கீழே பெட்டியின் சின்னக் கதவு திறந்து முன்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்கு உள்ளே, இருட்டில், ஒரு முழம் பின்னால், முழுநிலா இருந்தது. அதற்கு வயிறு உருண்டிருந்தது. ஒருபக்கம் கைப்பிடி இருந்தது. கறை என்று நினைத்தவை மூன்று பூக்கள்.

அது வட்ட ஓட்டைக்கு நேர் கீழே இருந்தது.

ராஜரத்தினம் கருவியை மெதுவாக வைத்தார். வைத்துவிட்டுக் கை கழுவினார். பூட்டன் சொன்னது முன்னாலா பின்னாலா என்ற நாலு தலைமுறைச் சந்தேகம் அப்போது தீர்ந்தது.

படத்தில் இருந்த முகமும் இப்போது புரிந்தது. அதில் இருந்தது ஆயிரம் ஆண்டுக் கம்பீரம் இல்லை. அந்தப் பெட்டியைத் தலையில் வைத்து மலையேற்றிய ஒருவனை, அதன் மேலேயே உட்காரச் சொல்லி, தலையில் யாருடையதோ தலைப்பாகையைக் கட்டி, அசையாதே என்று சொல்லியிருக்கிறார்கள். எதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். அந்த முகம்தான்.

வீட்டுக்கு வந்து தெய்வம்மாவிடம் சொல்லலாமா என்று வாயைத் திறந்து மூடினார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"பாத்துட்டீங்களாக்கு?" என்றாள் திரும்பாமல்.

"உனக்குத் தெரியுமா?"

"பூசை அன்னிக்கே எல்லாரும் போனப்பறம் நானும் எட்டிப் பாத்தனுங்க. எனக்குத்தான் ரெண்டு கண்ணும் நல்லாருக்குதுங்களே."

"ஏம்புள்ள அப்பவே சொல்லல?"

"சொன்னா ஊடு போயிருமில்லீங்க." அரிசித் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினாள். "எத்தன வருசமா அதுல துன்னிருக்கறோமுன்னு கணக்குப் போட்டுப் பாத்தேன். பாதில உட்டுட்டேன்."

"உண்மையச் சொல்லீரலாமா?"

"யாருகிட்டங்க? அந்த முப்பது பேரும் பாத்தாச்சு. தெரியாதது நீங்களும் அந்த மேனேஜருந்தான். இப்ப அவரு மட்டும்."

அந்த ஒருவரும் மறுநாளே வீட்டுக்கு வந்தார். ரொம்ப உற்சாகமாக இருந்தார். டிசம்பர் சீசன் வருகிறது. பெங்களூரிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆள் புக் செய்திருக்கிறார்கள்.

"ஐயா, ஒரு ஐடியாங்க. தரிசனம் முடிஞ்சதும் அரச குடும்பத்துப் பீங்கான்ல இருந்து எல்லாருக்கும் சுண்டல். அன்னிக்கு நான் சாப்பிட்டனே, இன்னும் நாக்குல நிக்குதுங்க."

ராஜரத்தினம் தெய்வம்மாவைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"அது பழைய பாத்திரமுங்க. வேற புதுசா ஒண்ணு வாங்கிக்கலாமுங்க."

"ஒரிஜினல்தாங்க வேணும். அதுக்குத்தான காசு குடுத்து வர்றாங்க."

"ஒடஞ்சுருமுங்க."

"இன்சூர் பண்ணீரலாமுங்க."

பெங்களூரிலிருந்து இரண்டு பஸ். குழந்தைகளும் இருப்பார்கள். தட்டை நீட்டுவார்கள். ராஜரத்தினம் முப்பத்தாறு வருடம் நோட்டீஸ் டைப் அடித்தவர்தான். ஆனாலும் அதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் முத்திரை போகும். முத்திரை போனால் கடிதத்தின் கடைசி வாசகப்படி வீடு போகும். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சிம்மாசனத்தில் இருக்கும் குரலில் சொன்னார்:

"அது நடக்காதுங்க. அந்தப் பாத்திரத்துல ராஜ ரத்தம் ஓடறவங்கதான் சாப்பிடோணும். மத்தவங்க வாய் வெச்சா குடும்பத்துக்கு ஆகாதுங்க. அன்னிக்கு வெச்சது தெரியாமப் பண்ணுன தப்புங்க."

அருண்பிரசாத் பிரமித்துப்போய் நின்றார். போன் அடித்தது. எடுக்கவில்லை. ராஜரத்தினம் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. பெங்களூர் பஸ் தப்பித்தது என்று மூச்சு விட்டார்.

"இது இன்னும் நல்லாருக்குங்களே" என்றார் அருண்பிரசாத் மெதுவாக. "அப்ப நீங்க சாப்பிடுங்க. அவங்க பாக்கட்டும்."

டிசம்பரிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. வருகிறவர்கள் முழுநிலா போட்ட கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, போனை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். அரசரின் முகத்தில் என்ன ஒரு கம்பீரம், பார்வையில் என்ன ஒரு அழுத்தம் என்று விருந்தினர் நோட்டில் எழுதிவிட்டுப் போகிறார்கள். சுவரில் இருக்கும் பூட்டனின் முகமும் அவர் முகமும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதைப் பலர் குறிப்பிட்டிருக்கிறார்கள். பொன்ராஜ் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டு, மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனான்.

ராஜரத்தினம் தினமும் காலை பதினொரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் துரையின் கக்கூஸ் சட்டியில் சுண்டல் சாப்பிடுகிறார்.